பதினோரு விண்ணப்பங்கள்

ஆகஸ்ட் 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாதவன் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். நான் உங்கள் அம்மாவிடம் கணக்குப் படித்தவன். இப்போது பிளம்பர் வேலை செய்கிறேன். டீச்சர் கடைசியாகக் குடியிருந்த வீட்டுக்காரரிடம் உங்கள் முகவரியை வாங்கினேன்.

டீச்சர் காலமான செய்தி நாலு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். ஏணியிலிருந்து இறங்கி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பெயரில் ஏதாவது செய்யாவிட்டால் மனசு ஆறாது என்று பழைய மாணவர்கள் கூடிப் பேசினோம். ஆண்டுக்கு மூன்று பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை. நான் வேலைக்குப் போகிற இடமெல்லாம் கேட்கிறேன். "குழாயைத் திறந்தா தண்ணி வருதோ இல்லையோ, உன் கை நீளுது" என்று கேலி செய்கிறார்கள். ஆனால் கணக்கு டீச்சர் என்றதும் பையைத் துழாவாதவர்கள் குறைவு. எங்களோடு படித்த சிமெண்ட் கடைக்காரர் பாதித் தொகையைத் தானே தருவதாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடமும் சம்மதித்துவிட்டது. ஹாலில் விழா, வாசலில் கல்வெட்டு, எல்லாம் தலைமையாசிரியர் பொறுப்பு.

குடும்பத்தின் ஒப்புதல் வேண்டுமாம். இத்துடன் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டு, டீச்சரின் நல்ல படம் ஒன்றையும் அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.

டீச்சரிடம் நிறையத் திட்டு வாங்கிய,
பிளம்பர்

*

ஆகஸ்ட் 17

ஐயா,

கடிதம் கிடைத்தது. தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். படமும் இல்லை.

என் அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு எப்படிப் போனார் என்று உங்களுக்கு என்ன சொன்னார்கள்? சொந்தக் காரணங்களால் விலகினார் என்றுதானே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள், இப்போது அதன்மேல் கல்வெட்டும் வைக்கப் போகிறார்களா?

முப்பது வருடத்துக்கு முன் அவர்களுக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி வேண்டியிருந்தது. தேறாது என்று தோன்றிய பதினோரு பேரின் விண்ணப்பங்களைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அம்மா சாவியைக் கேட்டார். தரவில்லை. கடைசித் தேதிக்கு முந்தின நாள் புது விண்ணப்பங்கள் வாங்கி, தன் சம்பளத்தில் கட்டணம் கட்டி, பதினோரு பேரையும் தனித்தேர்வர்களாகப் பதிந்துவிட்டு வந்தார். பரீட்சை முடிவதற்குள் வேலைநீக்க உத்தரவு கையில் இருந்தது. காரணம், நிர்வாகத்துக்குக் கீழ்ப்படியாமை. ஓய்வு பெற ஒன்பது வருடம் பாக்கி.

அப்பா இல்லாத வீடு. நான் கல்லூரி இரண்டாம் வருடம். படிப்பை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். இன்றும் காலை ஏழு மணிக்கு ஊசியோடுதான் என் நாள் விடிகிறது. டீச்சர் எங்கே போனார், சாப்பிட்டாரா என்று அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை.

உங்கள் விழாவை நடத்திக்கொள்ளுங்கள். அதில் என் அம்மாவின் பெயர் வரக் கூடாது. வந்தால் நானே வந்து கல்லைப் பெயர்ப்பேன்.

அவருடைய மகள்

*

செப்டம்பர் 2

அக்கா,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன். அது தெரிந்த பிறகு 'மதிப்பிற்குரிய' என்று எழுதக் கை வரவில்லை.

டீச்சர் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்க பரீட்சை ஃபாரமெல்லாம் ஆபீஸ்ல தொலைஞ்சுபோச்சுடா. நான் புதுசா போட்டுட்டேன். வேற இடத்துல போய் எழுதணும், பயப்படாதீங்க." நம்பினோம். பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் போனால், டீச்சர் சொந்தக்காரர்களோடு இருக்க வெளியூர் போய்விட்டார் என்றார்கள். அதையும் நம்பினோம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நான் அந்தத் தடவை தேறவில்லை. கணக்கில் முப்பத்தொன்று. நாலு மார்க்கில் போய்விட்டது. மறு வருடம் டீச்சரைத் தற்செயலாகப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "முப்பத்தொண்ணா? கிளாஸ்ல ஒன்பதைத் தாண்டினதே இல்லையேடா நீ" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "திரும்ப எழுது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். மூன்றாம் தடவை தேறினேன். அன்றைக்கு அவரிடம், ஏன் பள்ளிக்கூடத்தை விட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அக்கா. என் மார்க்கைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு, வேலை உடுப்போடு, நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். அவர் பிறகு வந்தவர். ஆனால் பழைய கோப்பு தெரிந்திருக்கிறது. மறுக்கவில்லை.

"பழசைக் கிளறாதீங்க. நல்ல காரியம் நடக்குது, அதப் பாருங்க" என்றார்.

"கல்வெட்டுல ஒரே ஒரு வரி சேருங்க சார். பதினோரு பிள்ளைங்க பரீட்சை எழுதணும்னு வேலையை இழந்தவங்கன்னு."

"ஸ்கூல் சுவத்துலேயே ஸ்கூலைத் திட்டி எழுதச் சொல்றீங்களா?" என்று சிரித்தார்.

அப்போதுதான் அடுத்த விஷயமும் வெளியே வந்தது. உதவித்தொகை தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு மட்டுமாம். "தொண்ணூறு வாங்குறவனுக்கு எங்க டீச்சர் எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சிமெண்ட் கடைக்காரர் போனில் பிடித்துக்கொண்டார். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி? நான் குடுக்குற காசு வேணுமா, உன் ஒத்த வரி வேணுமா?" வரி என்றேன். அவர் பங்கு போய்விட்டது. போகட்டும்.

இனி உங்களிடம் கையெழுத்து கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படித் தள்ளிவிடப்பட்ட பிள்ளைகளைத் தனித்தேர்வர்களாகப் பதிந்து, தேறும்வரை படிக்க வைக்க நாங்கள் தயார். எத்தனை தடவை ஆனாலும் சரி. அதற்கு டீச்சர் பெயர் வைக்கலாமா?

முப்பத்தொன்று வாங்கியவன்

*

செப்டம்பர் 15

தம்பிக்கு,

அக்கா என்று எழுதியிருந்ததைப் பார்த்துக் கோபம்தான் வந்தது. முப்பத்தொன்றில் என்னை மீறிச் சிரித்துவிட்டேன். பரிசோதனை நிலையத்தில் அடுத்து வந்த பெரியவர் என் ஊசிக்குக் கை நீட்ட யோசித்தார். என் கல்லூரிப் படிப்பு ஒரு முப்பத்தொன்றுக்காகப் போயிருக்கிறது, பாருங்கள்.

உத்தரவு வந்த அன்று அம்மாவோடு சண்டை போட்டேன். "நான் முக்கியமா, அந்தப் பதினோரு பேரா?" என்று கேட்டேன். "நீ எப்படியும் கரையேறிடுவ" என்றார். அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களிலும் மன்னிக்கவில்லை. ஆகவே நோட்டீஸ் அடித்தால் தியாகி, தெய்வம் என்றெல்லாம் அதில் போட்டுவிடாதீர்கள். பிடிவாதக்காரி என்று போடுங்கள். அதில் பொய் இருக்காது.

பெயர் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பிள்ளையிடமும் என்ன மார்க் என்று கேட்கக் கூடாது. மேடையேற்றிப் படம் எடுக்கக் கூடாது. வாங்குகிற பிள்ளை யார் முன்னாலும் கைகட்டி நிற்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

படம் கேட்டிருந்தீர்கள். வேலைநீக்க உத்தரவின் நகல் இத்துடன் இருக்கிறது. அம்மா அதைக் கிழிக்காமல் வைத்திருந்தார். நோட்டீசில் முகம் வைக்கிற இடத்தில் இதை அச்சடியுங்கள். தைரியம் இருப்பவர்கள் பொய் என்று சொல்லட்டும்.

அக்கா

*

ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

அச்சகக்காரர் நோட்டீசை இரண்டு தடவை படித்தார். "இது வம்பை விலைக்கு வாங்குற நோட்டீசா இருக்கே" என்றார். "அதுக்குத்தாண்ணே வந்தேன்" என்றேன். கூடுதலாக இருநூறு தாள் அவரே போட்டுக்கொடுத்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் நின்று கொடுத்தோம். விரட்ட வந்த காவலாளி ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஹால் கிடைக்கவில்லை. பைப் கடைக் கிடங்கில் கூடினோம். பதினோரு பேரில் ஆறு பேர் வந்தார்கள். இப்போது நர்சாக இருப்பவள் உத்தரவைச் சத்தமாகப் படித்தாள். நடுவில் குரல் உடைந்தது, ஆனாலும் தாளை யாரிடமும் கொடுக்கவில்லை. சிமெண்ட் கடைக்காரர் தராமல் போனதற்கு மேலேயே பணம் சேர்ந்துவிட்டது.

இந்த வருடம் ஒரு பெண், இரண்டு பையன்கள். மூவரையும் நிறுத்தி வைத்தது அதே பள்ளிக்கூடம்தான். பதிந்துவிட்டோம். ஆனால் தனித்தேர்வர்களுக்கு இந்தத் தடவை தேர்வு மையம் எங்கே தெரியுமா? அங்கேயேதான். அதற்குள் எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வேறு வந்திருக்கிறது, பள்ளிக்கூடத்தின் பெயரைக் கெடுத்துவிட்டோமாம். "உள்ள விடுவாங்களா அண்ணே?" என்று அந்தப் பெண் தினமும் கேட்கிறாள். "விடாம எங்க போவாங்க" என்று சொல்லிவிட்டேன். எனக்கே அது நிச்சயமில்லை.

தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கும் வக்கீல் கடிதம் வந்தது. அம்மா தானாக விலகினார் என்று எழுதிக் கொடுத்தால், அவருக்குச் சேர வேண்டிய பாக்கியை வட்டியோடு தருவார்களாம். சின்னத் தொகை இல்லை. என் வீட்டுக் கூரையை மாற்றிவிட்டு மிச்சமும் இருக்கும். இரண்டு நாள் அந்தத் தாளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள் பதில் போட்டேன். "பாக்கி என் அம்மாவின் உழைப்பு, அதை அனுப்புங்கள். பொய் எழுதித் தர மாட்டேன்." அனுப்ப மாட்டார்கள். கூரை ஒழுகட்டும், வாளி இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், நுழைவுச் சீட்டு கையில் இருக்கும்போது அவளைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. உங்கள் சந்தேகத்தை அவளுக்குக் காட்டாதீர்கள்.

பரீட்சை முதல் நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். முந்தின நாள் சாயங்கால ரயிலில் வருகிறேன். அந்தத் தெருவில் கால் வைத்து முப்பது வருடம் ஆகிறது, வழி மறந்திருக்கும். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

வாசலில் யாராவது மறித்தால் பேசுவது நானாக இருக்கட்டும். நீங்கள் நின்று வேடிக்கை பார்க்காமல் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

அக்கா