மேல்வீட்டுக்காரி

12 பிப்ரவரி 2024, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.டி.க்குப் போய் மாத்திரை வாங்கி வந்தேன். எங்கள் வரிசைக்குப் பக்கத்தில்தான் கண் பிரிவு வரிசை. நாங்கள் எல்லோரும் ஏதோ தவறிப்போய் இந்தப் பக்கம் நின்றுவிட்டவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்போம். "யாரும் கேட்டா கண்ணு காட்டப் போறேன்னு சொல்லு" என்பது அண்ணன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் மதினியின் உத்தரவு. என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் நாங்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப்பில் என் கண்ணுக்காக வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

புது டாக்டர், சின்னப் பெண். குரல் எதுவும் கேட்கிறதா என்று இந்தியில் கேட்டாள். இல்லை என்றேன். உண்மைதான். மேல்வீட்டுக்காரி இப்போது பேசுவதில்லை.

மேல்வீட்டுக்காரி நான் வைத்த பெயர். கட்டிக்கொடுத்த இடத்தில், சீத்தா கேம்ப்பில் இருக்கும்போதுதான் முதலில் அவள் குரல் கேட்டது. மாடியில் யாரோ குடிவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சண்டை போட வெளியே வந்து பார்த்தால் மாடியே இல்லை. தகரம், அதன்மேல் தார்ப்பாய். அந்த வருஷமே புருஷன் வீட்டுக்காரர்கள் என்னை டாக்ஸியில் ஏற்றிவந்து அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். மீட்டரை ஓடவிட்டுவிட்டுத்தான் இறக்கினார்கள்.

நோயின் பெயர் ஸ்கிசோஃப்ரினியா. ராஜபாண்டி அண்ணனுக்கு இன்றுவரை அது வாயில் நுழையவில்லை. "அந்த இது" என்பான்.

20 பிப்ரவரி

சலாவுதீன் சேட்டு பட்டறையிலிருந்து சட்டை மூட்டை வந்தது. தைத்து முடித்த சட்டையில் தொங்கும் நூலை வெட்டுவது என் வேலை. விரலளவு கட்டர். சாயங்காலம் வேலை முடிந்ததும் மதினி கையை நீட்டுவாள். கொடுத்துவிட வேண்டும். அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடி, டப்பாவை அவள் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள்.

இத்தனை வருஷத்தில் நான் வெட்டினது நூலை மட்டும்தான். அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பயம் வரும்.

3 மார்ச்

ஆர்டர் நெருக்கடி. மாத்திரை போட்டால் காலையில் கை நகர மறுக்கிறது. நாலு நாள் விட்டுப் பார்க்கிறேன். வேலை முடியட்டும்.

10 மார்ச்

நாலு நாள் என்றது ஒரு வாரம் ஆயிற்று, மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. தலை லேசாக இருக்கிறது. இட்லியில் உப்பு தெரிகிறது. இத்தனை நாளும் எங்கே போயிருந்தது இந்த உப்பு?

13 மார்ச்

வந்துவிட்டாள்.

"சட்டை நூலு வெட்டுத மூஞ்சியப் பாரு" என்றாள். அதே குரல். எழுத வெட்கமாக இருக்கிறது — முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஒரு வாரமாக என்னிடம் யாரும் "சாப்பிட்டியா, கட்டரக் குடு" தவிர வேறொன்றும் பேசவில்லையே.

15 மார்ச், வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதிவைக்க வேண்டும்.

சந்து முனையில் இசக்கியம்மன் கோயில். வெள்ளிக்கிழமை பூசை. சித்திரைக் கொடைத் திருவிழாவுக்காக மேளத்தை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தத்தில் மேல்வீட்டுக்காரிக்கும் வேகம் வந்துவிட்டது. "எல்லாரும் ஒன்னயத்தான் பாக்காவ, ஒன்னயத்தான் பாக்காவ" என்று நிறுத்தாமல். பொறுக்க முடியவில்லை. "வாய மூடுட்டி, எனக்கு எல்லாந் தெரியும்" என்று கத்திவிட்டேன்.

மேளம் நின்றது. அவ்வளவுதான், இன்றைக்குத் தெருவில் இழுத்துப் போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். கோயில் தலைவர் கோமதிநாயகம் மாமா கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். அவருக்கு மறைக்க என்ன இருந்ததோ, முகம் வெளிறிப்போய் என் காலில் விழுந்தார். "ஆத்தா வந்துட்டா" என்றார். பின்னாலேயே எல்லோரும் விழுந்தார்கள். மதினியும்.

வருஷா வருஷம் சாமியாடிவந்த இசக்கிமுத்து இறந்ததிலிருந்து யார்மேலும் அம்மன் இறங்கவில்லை. போன வருஷக் கொடை சப்பென்று போய்விட்டது என்று எல்லோருக்கும் குறை.

அந்தக் குரலுக்குத்தானே என்னை டாக்ஸியில் ஏற்றினார்கள்?

16 மார்ச்

மதினி கட்டரைக் கேட்கவில்லை.

22 மார்ச், வெள்ளி

குறி கேட்க வந்தார்கள். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்வதில்லை. மேல்வீட்டுக்காரி பாதி, நான் பாதி. "நல்லாருப்ப, போ" என்றால் போதும், அழுதுகொண்டே போகிறார்கள். ஒருத்தி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னை ஒருத்தர் தொட்டு எத்தனை வருஷம் ஆகிறது! அவள் போன பிறகு கையைக் கழுவ மனசு வரவில்லை.

கோமதிநாயகம் மாமா மட்டும் ஒன்று சொன்னார். "கொடை முடியுத மட்டும் இங்கிலீஷ் மருந்து ஆகாது பாத்துக்கிடு. ஆத்தாவுக்கு மப்பாயிரும்." மதினி என் மாத்திரைப் பையை எடுத்து பரணில் போட்டாள். அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான். 

6 ஏப்ரல்

மதினி குழம்பில் ஃபினாயில் ஊற்றுகிறாள் என்கிறாள் மேல்வீட்டுக்காரி. இருக்காது என்று தெரிகிறது. தெரிந்தாலும் சோறு இறங்கவில்லை. மூக்குக்கு ஃபினாயில் வாடை வருகிறதே, நான் என்ன செய்ய?

தட்டைத் தள்ளிவைத்தேன். "கொடைக்கு வெரதம் இருக்கா" என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள் மதினி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

நான் பட்டினி. இதை யாரிடம் சொல்ல? சொன்னால் அதற்கும் கும்பிடுவார்கள்.

12 ஏப்ரல், வெள்ளி

அடுத்த சந்தில் இட்லி போட்டு விற்கும் விஜயராணி, மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். பெண் பெயர் ஸ்ரீதேவி. காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவள். இப்போது போவதில்லை. தலைமுடி சிக்குப்பிடித்துக் கிடக்கிறது.

"தூங்க மாட்டேங்கா தாயி. செவுத்தப் பாத்துப் பேசுதா. போன்ல யாரோ இவளயே படம் புடிக்காங்கன்னு போன ஒடச்சிட்டா. ஏதோ புடிச்சிருக்கு. நீதான் ஓட்டணும்."

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் மேல்வீட்டுக்காரியைக் கேட்கும்போது என் தலையும் அப்படித்தான் சாயும். அண்ணன் எத்தனையோ தடவை "கழுத்து சுளுக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

கோமதிநாயகம் மாமா விஜயராணியைத் தேற்றினார். "கொடையன்னிக்கு கூட்டிட்டு வா. ஆத்தா கையில பெரம்பக் குடுப்போம். நாலு போட்டா எறங்கிரும்."

ஆத்தா கை என்றால் என் கை.

14 ஏப்ரல்

எல்லோர் வீட்டிலும் வருஷப்பிறப்பு. எனக்கு முதல் தட்டு. பாயசம். அதிலும் ஃபினாயில்.

நாளைக்குத் திங்கட்கிழமை, ஓ.பி.டி. நாள். போனால் மேல்வீட்டுக்காரி போய்விடுவாள். அவளோடு இந்தக் கும்பிடும் போய்விடும், முதல் தட்டும், கையைப் பிடிக்கிறவர்களும். போகாவிட்டால், பிரம்பைக் கையில் கொடுத்து மேளத்தையும் அடித்தால், இவள் "போடு" என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாயிருக்கு. அந்தப் புள்ளைய நான் அடிச்சிட்டேன்னா?

15 ஏப்ரல், திங்கள்

கண் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். "ஆத்தாவுக்கு எதுக்குக் கண்ணு காட்டணும்?" என்றாள் மதினி. வெளியே வந்துவிட்டேன்.

சின்ன டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை, அழாமல் இருந்திருப்பேன். புது மாத்திரையைச் சட்டை மூட்டைக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். குணம் தெரிய நாளாகும் என்றாள். கொடைக்குள் தெரிய வேண்டும்.

24 ஏப்ரல்

குழம்பில் வாடை இல்லை. இரண்டு தட்டு சாப்பிட்டேன். "வெரதம் முடிஞ்சிட்டா?" என்று மதினி கேட்டாள். முடிந்தது என்றேன்.

2 மே

மேல்வீட்டுக்காரி முனகுகிறாள். என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பேசுகிறவள் மாதிரி. போகிறவளை நிறுத்திவைக்கவா முடியும்? போ.

குறி கேட்க வந்தவர்களிடம் நானே முழுசாகச் சொன்னேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

7 மே, செவ்வாய். கொடை

மதியக் கொடை. மஞ்சள் சேலை கட்டி, பிச்சிப்பூ மாலை போட்டு என்னை நிறுத்தினார்கள். வெயில். ஊரிலிருந்து வந்த மேளம் காதைக் கிழித்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போது இறங்குவாள், எப்போது இறங்குவாள்.

எனக்குள்ளே ஒரு சத்தமும் இல்லை. முதல் தடவையாக அவள் வந்தால் தேவலை என்று நினைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று அவளாவது சொல்வாளே. வரவில்லை. சும்மா உடம்பை ஆட்டினேன். குலவை போட்டார்கள்.

விஜயராணி மகளைக் கொண்டுவந்து முன்னால் உட்காரவைத்தாள். தலையைக் குனியவைத்து இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கோமதிநாயகம் மாமா பிரம்பைக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் கழுத்து நரம்பு மேளத்துக்குத் தகுந்தாற்போலத் துடித்துக்கொண்டிருந்தது.

பிரம்பை அவள் மடியில் வைத்தேன். நெற்றியில் திருநீறு பூசினேன். பிறகு விஜயராணியைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இவள ஒருத்தரும் தொடக்கூடாது. இது பேயில்ல, நோவு. திங்கக்கிழம காலைல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. கண்ணு வரிசைக்குப் பக்கத்து வரிசை. நான் அங்கன நிப்பேன்."

மேளக்காரர் அடிப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோமதிநாயகம் மாமா என் காதருகே வந்து, "எந்த ஆத்தாட்டி ஓ.பி.டி. கெழம சொல்லுவா?" என்றார்.

ஆத்தா இல்ல மாமா, நான்தான் சொல்லுதேன் என்றேன். "மாத்திர போட்டிருக்கேன். எனக்கு எந்தக் குரலும் கேக்கல."

மாலையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என்னோடு யாரும் வரவில்லை.

8 மே

"குடும்ப மானத்த வாங்கிட்டா" என்றான் அண்ணன். எந்த மானத்தை? ஆத்தாவாக இருந்தபோது வந்த மானத்தையா, அதற்கு முன்னால் ஒளித்துவைத்த மானத்தையா?

சாயங்காலம் மதினி கையை நீட்டினாள். கட்டரைக் கொடுத்தேன்.

13 மே, திங்கள்

வரிசை முடியும்வரை நின்றேன். விஜயராணி வரவில்லை. வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் அவள் இட்லிக் கடையைத் தாண்ட வேண்டும். அவள் கொப்பரை மூடியைத் திறந்து ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

19 மே

நூல் வெட்டினேன். சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். வேறொன்றும் இல்லை. குறி கேட்க வந்த ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் தண்ணீர்க் குழாயில் என்னைப் பார்த்ததும் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

மேல்வீட்டுக்காரியாவது இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான், எழுதியதை ஏன் அடிக்க வேண்டும்.

27 மே, திங்கள்

எனக்குச் சீட்டு இல்லாத நாள். இருந்தாலும் போனேன். நிப்பேன் என்று சொல்லிவிட்டேனே.

கண் வரிசையில் ஒருத்தி முக்காடு போட்டு நின்றாள். கையைப் பிடித்தபடி ஒரு பெண். இட்லிமாவு வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பக்கத்தில் போய், "விஜயராணி, வரிசை இந்தப் பக்கம்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "காலு வரமாட்டேங்கி."

மூன்று பேருமாக இந்தப் பக்கம் வந்தோம்.

10 ஜூன், திங்கள்

நேற்றிலிருந்து மழை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரி, "கண்ணு இன்னும் சரியாவலையா?" என்று கேட்டாள். மதினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "மாத்திர வாங்கப் போறா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் விஜயராணி மருந்து வாங்கப் போயிருந்தாள். நானும் ஸ்ரீதேவியும் பெஞ்சில். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், முகம் தெளிந்திருக்கிறது. பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆன்ட்டி, ஒங்களுக்கு நெஜமாவே கேக்குமா?" என்றாள்.

கேக்கும். மாத்திரய விட்டா கேக்கும் என்றேன்.

"எனக்கு ரெண்டு ஆம்பளைங்க. ஹிந்தி. கிரிக்கெட் கமெண்டரி மாதிரியே. ஸ்ரீதேவி இப்ப எழுந்தா, ஸ்ரீதேவி இப்ப தண்ணி குடிக்கா. இப்ப கொஞ்சம் கம்மி." என் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்கு யாரு?"

யாரும் இதுவரை இதைக் கேட்டதில்லை. டாக்டர்கள் கேட்கிறதா என்று கேட்பார்கள். யார் என்று கேட்டதில்லை.

"மேல்வீட்டுக்காரி" என்றேன்.

"ஒங்க வீட்டுக்கு மேல்வீடு இருக்கா?"

"இல்லட்டி. தகரந்தான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.

பார்த்துக்கொண்டு போகட்டும்.