வலிக்காத முழங்கால்

அக்கா,

இன்று உன் வீட்டிலிருந்து விளாத்திகுளத்துக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா முழங்காலுக்கு வலித்தைலம் தேய்த்துக்கொண்டே வந்தார். அந்த வாடைக்கு எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. சித்திரையில் நீ கண்ணை மூடியதிலிருந்து எனக்கு எதுவும் உள்ளே இறங்குவதில்லை.

என் கல்யாணத்துக்கு முந்தின இரண்டு வருஷம், தொண்ணூற்றெட்டிலும் தொண்ணூற்றொன்பதிலும், நீ தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்ததும் தைலம் தேய்த்துவிட்டவள் நான்தான். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைக்கிறவளுக்கு மூட்டு வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். மதுரை டாக்டர் எழுதிய மாத்திரையைப் பார்த்த மருந்துக்கடை அண்ணாச்சியும் மூட்டு வீக்கத்துக்குத்தான் என்றார். நீயும் தாங்கித் தாங்கித்தான் நடந்தாய். ஒரு ஐப்பசி மழையில் மட்டும், பஸ் கிளம்புகிறது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரிசல் சகதியில் ஓடினாய்.

“ஏக்கா, மூட்டுவலிக்காரி என்னமா ஓடுத!”

“பஸ் போயிட்டா மூட்டுவலியா கொண்டாந்து விடும்? ஏறுட்டி.”

சிரித்துக்கொண்டே ஏறினேன். மடச்சி, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உன் கடைசி வாரத்தில்தான் அந்த டாக்டர் என்னிடம் சொன்னார். உன் முழங்காலில் ஒன்றுமே இல்லையாம். மரபணு ஒன்றில் பிறவிப் பிழை. வயிற்று நோயில் போன நம் அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார். அதனால் பெருங்குடல் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டிகள். புண்பட்ட இடம்போல அவை அழற்சியைத் தூண்டும் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அந்தத் தூண்டுதலில் மேலும் வளருமாம். அதற்குத்தான் அந்த மூட்டு வீக்க மாத்திரையை எழுதினாராம்; அது அந்தச் செய்தியைக் கொஞ்சம் அடக்கும், பிழையைத் திருத்தாது. புற்றாக மாறுமுன் குடலை எடுத்துவிட வேண்டும் என்று அப்போதே உன்னிடம் சொன்னாராம். தங்கையையும் மகளையும் சோதனைக்குக் கூட்டிவரச் சொன்னாராம். நீ சொன்ன பதில் அவருக்கு அப்படியே நினைவிருந்தது.

“தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கோம் சார். குடும்ப நோய்னு தெரிஞ்சா எவன் வருவான்? கல்யாணம் முடியட்டும், எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்.”

கல்யாணம் முடிந்தது. அதற்குள் ஈரல்வரை பரவிவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம்தான் அக்கா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணமே வேண்டாம் என்றிருப்பேன்.

போன மாதம் எனக்குக் குடலில் குழாய்விட்டுப் பார்த்தார்கள். ஒரு கட்டிகூட இல்லை. சந்தோஷம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

அடுத்த வாரம் உன் மகளுக்குப் பார்க்க வேண்டும். அத்தானால் அவளிடம் பேச முடியவில்லை. அதனால் இன்று நானே போய் உட்காரவைத்துச் சொன்னேன். அம்மாவுக்கு இருந்தது உனக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி, முன்னாலேயே பார்த்துவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்று எல்லாமே சொன்னேன். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, அழாமல் கேட்டுக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அம்மாவுக்கு இது முன்னாடியே தெரியுமா சித்தி?”

“தெரியாதும்மா” என்றேன்.

அத்தானிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், அக்கா.