வானோடம் திரும்பி வந்த சனிக்கிழமை

அன்பு மகள் ஷர்லிக்கு,

மணமேல்குடியிலிருந்து அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சமாதானம் பேசி என் வாயை அடைத்துவிடுவாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். முத்துராஜ் சார் மகன் பாலாஜி உன் ஊருக்கே படிக்க வருகிறான், அவன் கையில் இதையும் பருப்புப் பொடியையும் கொடுத்துவிடுகிறேன். உன் சித்தப்பா மகள் சத்யபிரியா கறம்பக்குடியில் வேலை கிடைத்து அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டாள், அதனால் அவளும் இந்தப் பக்கம் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாம் டிவியில் பார்த்த ‘வானோடம்’ தொடரின் அடுத்த கதை இருபத்தைந்து வருஷம் கழித்து வரப்போகிறது என்று நீதான் முதலில் சொன்னாய், நாம ரெண்டு பேரும் போனைப் போட்டுக்கிட்டு ஒண்ணாப் பாப்போம்மா என்றாய். அதற்காகவே கேபிள் சோலையப்பனை நாலு தடவை நச்சரித்து நெட் போட வைத்தேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலைக்குக்கூடப் போகாமல், சுண்டல் தாளித்து வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிட்டாய். ஆபீஸ் சிநேகிதர்களோடு நேற்றே எல்லாப் பாகத்தையும் பார்த்துவிட்டேன் என்றாய். சுத்த மோசம்மா, நீ பாக்காத, ஒனக்கு நேரம் மிச்சம் என்றாய். சரிடி, பரவாயில்ல என்று சொன்னேன். பரவாயில்லாமல் இல்லை. நேரத்தை மிச்சம் பிடித்து நான் என்ன செய்யப்போகிறேன்? மிச்சம் இருப்பதே அது ஒன்றுதான். போனை வைத்துவிட்டு அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

அப்புறம் வீம்புக்கு முதல் பாகத்தைப் போட்டேன். நீ சொன்னது சரிதான், மகா மோசம். பழைய கதையில் பனி கிரகத்தில் ரேடியோவைக் காத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் ஞாபகம் இருக்கிறதா, ஓடத்தில் ஏறிவிடு என்று கேப்டன் கெஞ்சியும், உறங்குகிற என் சனங்களை விட்டு வரமாட்டேன் என்றாளே. கதவு மூடியபோது நாம் இரண்டு பேரும் என் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்தோம். இப்போது அவள் மனுஷியே இல்லையாம், வெறும் இயந்திரமாம், எதிரிகள் செய்து வைத்த பொம்மையாம்! எழுதினவன் மட்டும் கையில் கிடைத்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். கேப்டனுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறவரையும் மாற்றிவிட்டார்கள், மூக்கடைத்தவன் மாதிரிப் பேசுகிறார். பாதியில் உன் பக்கம் திரும்பி, பாத்தியாடி இந்த அநியாயத்தை என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். நாற்காலிதான் இருந்தது. உன் அப்பா உயிரோடு இருந்தபோது, ஆத்தாளும் மகளும் வானத்துல எதத் தேடுறீங்க என்று கிண்டல் பண்ணவாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் பொறுக்கமாட்டாமல், கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அழகியிடம் முழுக் கதையையும் சொன்னேன். சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும் டீச்சரு, அந்தப் புள்ள கடைசில கல்யாணம் கட்டுச்சா இல்லையா என்றாள். அவளை நான் என்ன சொல்ல.

நல்ல கதையாக இருந்திருந்தால் தனியாகவே பார்த்துவிட்டுப் போயிருப்பேன், தாயி. இந்த மோசமான கதையைத்தான் தனியாகப் பார்க்க முடியவில்லை, திட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. மீதி ஐந்து பாகத்தையும் நான் தொடவில்லை. நீ பார்த்துவிட்டாய், தெரியும், பிடிக்கவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், இன்னொரு தடவை என்னோடு பார்.

தலைக்கு எண்ணெய் வை, காலையில் வெறும் காபியோடு ஓடாதே. அடைக்கல மாதா உன்னைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, உனக்குக் காலை, எனக்குச் சாயங்காலம், மறந்துவிடாதே. நான் முதல் பாகத்தையும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள், அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

உன் அம்மா,
அடைக்கலமேரி