சுறா ஆகாத குடி

ஐயா,

மேசைமேல் ஓர் இனிப்புப் பெட்டி கிடக்கிறது. அரைக் கிலோ மைசூர்பாகு. அட்டையின் அடியில் நெய் கசிந்து, நான் எழுத வைத்திருந்த தாளை நனைத்துவிட்டது. கொடுங்கையூர்க் குப்பை எரியும் புகையிலும் மூன்று வேளை மூக்குப்பிடிக்கச் சாப்பிடுகிறவன் நான். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வீசினால் கண் எரியுமே தவிர, பசி குறைந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மூக்குக்கு இன்று இந்த நெய் வாசனை குமட்டுகிறது. கொண்டுவந்தது யார் தெரியுமா? காலடிப்பேட்டை அம்மாள். கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே உங்களிடம் பேசினாரே, அவரேதான்.

நீங்கள் டர்பனிலிருந்து வந்து இறங்கிய நாளை நினைத்துக்கொள்கிறேன். வாரப் பத்திரிகையில் நாலு கிண்டல் எழுதிப் பிழைக்கிறவனை ஆராய்ச்சியாளன் என்று நம்பிய ஒரே குடும்பம் உங்களுடையது. திருவொற்றியூர்ப் பழைய குடும்பங்களைப் பற்றி நான் அடித்துவிட்ட கட்டுரையை யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, உங்கள் மகள் எழுதினார். உங்கள் தாத்தா மதராசில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்; அவருடைய தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார்; அந்தத் தம்பி வழி வீட்டைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று. கையில் இருந்தது ஒரு பெயரும் ‘பெருமாள் கோயில் பின் தெரு’ என்ற குறிப்பும்தான். மறுப்பேனா? உங்களோடு ஏசி காரில் சுற்றலாமே.

உங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு. தாத்தா யாருடனோ சண்டை போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே கப்பலுக்குப் போனாராம். ‘அந்தச் சாப்பாட்டை நான் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்’ என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். தமிழ் உங்களிடம் பத்து வாக்கியம்கூட மிஞ்சவில்லை. ‘சாப்பிட்டாச்சா’, ‘சாமி கும்பிடு’, அப்புறம் முழுசாக ஒன்று: “சுறா நம்ம குடிக்கு ஆவாது.” ஏன் ஆகாது என்று உங்களுக்கே தெரியாது. ஆனாலும் கடல் தாண்டிப் போயும் உங்கள் வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. இங்கே பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற முதலில் கொடுப்பதே சுறாப்புட்டுதான், எனக்கும் அதுதான் உயிர் என்றேன். பூனையைத் தின்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

வெளிநாட்டுப் பெரியவர் உறவு தேடுகிறார் என்று தெரிந்ததும் தெருவே உறவானது. டீக்கடைக்காரர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்: “நல்லா பாரு நைனா, அதே மூக்கு.” பக்கத்து வீட்டுக்காரர் காதைக் காட்டினார். மூன்று வீட்டில் போண்டா கிடைத்தது. மூன்றையும் நான்தான் தின்றேன்.

நான்காவது வீட்டில் போண்டா இல்லை. “கப்பலா? எங்க வூட்ல யாரும் கப்பல் ஏறல. தாய்ப்பத்திரம் எங்க பேர்ல கீது, சொல்ட்டேன்,” என்றார் இந்த அம்மாள், கதவை ஒருக்களித்தபடி. வீட்டைப் பற்றி நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து மீன்காரப் பெண் அலுமினிய அன்னக்கூடையை இறக்கினாள்.

“பால் சுறா கீதுக்கா. மருமவ புள்ள பெத்துக்கிறாளே, புட்டு செஞ்சு குடு.”

“எத்தினி தபா சொல்றது உனுக்கு? சுறா நம்ம குடிக்கு ஆவாது. எட்து அந்தாண்ட போ.”

நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு அந்த அம்மாளுக்குக் கைகூப்பிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தீர்கள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. ஒரு செம்பு தண்ணீர்கூட வரவில்லை, ஐயா. நான் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தேன். “பயப்படறாங்க, தம்பி,” என்றீர்கள். அது உங்கள் பத்து வாக்கியத்தில் இல்லாதது. எங்கிருந்து பொறுக்கினீர்களோ.

காரில் ஒரு சத்தியம் வாங்கினீர்கள். வீடு இடிந்துபோய்விட்டது என்றுதான் மகளிடம் சொல்ல வேண்டும். பிறகு ராயபுரத்தில் என் வீட்டில் சாப்பிட்டீர்கள். அன்றைக்குப் பார்த்து என் வீட்டில் சுறாப்புட்டு. மனைவி சட்டியை மொட்டைமாடிக்குக் கடத்திவிட்டு, அவசரமாக ரசம் வைத்து முட்டை பொரித்தாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். தாத்தா விட்டுப்போன சாப்பாடு, தப்பான வீட்டில்.

போன மாதம் நீங்கள் காலமான சேதி வந்தது. சும்மா இருந்தேனா? உங்கள் படத்தோடு உங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினேன். இன்று காலை அம்மாள் மகனோடு வந்து நிற்கிறார்.

“இவுங்கப்பாவுக்கு அண்ணன் மொற சார் அவுரு. எங்க ரத்தம். அவுரு பொண்ணு நம்பர் குடேன். பையன் இன்ஜினீயரு, அங்க ஒரு வேல கெடைக்காதா?”

“வூடு தேடி வந்தப்போ இல்லன்னீங்களே.”

“யாரு, நானா? அன்னிக்கு பிரஷர் மாத்திர போட்டுகினு பட்துனு இருந்தேன். யாரு வந்தாங்கன்னே தெரியாது.”

மகன், “பெரிப்பா போட்டோவ பிரேம் போட்டு மாட்டிக்கிறோம் சார்,” என்றான். என் கட்டுரையிலிருந்து வெட்டிய படம்தான்.

எனக்குள் இருக்கும் குசும்பன் எழுந்து உட்கார்ந்தான். “சாப்ட்டுட்டு போங்க. சுறாப்புட்டு ரெடியா கீது,” என்று புளுகினேன்.

“அய்யே, எங்க வூட்ல அது ஆவாது சார்.”

“தெரியும். நீங்க சொன்னத அன்னிக்கே அவுரு காதால கேட்டுக்கினாரு.”

“அவுருக்குதான் தமிழ் தெரியாதே...”

சொல்லிவிட்டு அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகன் அம்மாவைப் பார்த்தான். இருவரும் விறுவிறுவென்று படி இறங்கினார்கள். பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உங்கள் மகளின் எண்ணை நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் இடிந்த வீடு எழுந்துவிடும். அவர் அப்பா வாசலில் நின்ற கதையும் கூடவே எழுந்துவிடும். பெரிய தியாகம் என்று நினைக்காதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு விசாகூடக் கிடைக்கக் கூடாது என்ற அற்ப ஆசையும் எனக்கு உண்டு.

சற்றுமுன் தெருவில் சுறா வந்தது. “வாங்கட்டா?” என்றாள் மனைவி. வேண்டாம் என்றேன். “ஒரு மாசமா இதே பாட்டு. உனுக்கு எப்பலேர்ந்து ஆவாது?”

உங்கள் சேதி வந்த நாளிலிருந்து. நாக்கு ஊறுகிறது, மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஏன் ஆகாது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஆனால், நீங்கள் சோறு தின்ற வீட்டில் அது ஆகாது, ஐயா.