எத்தனை நாளுக்கு மாத்திரை

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

‘வா’ என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அந்தத் தீவுக்குப் போன மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. லைப்ரரியில் வைத்தே படித்தேன். பிறகு ஒரே அலமாரியை இரண்டு முறை அடுக்கினேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு கையிலும் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அங்கே மலேரியா உண்டாமே? மாத்திரையைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தினமும் விழுங்க வேண்டுமாம்.

“எத்தனை நாள் தங்குவீங்க?” என்றார் டாக்டரம்மா.

“அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்.”

“போறது நீங்கதானேம்மா?” என்று சிரித்தார்.

எத்தனை நாள் என்று எழுதுங்கள்.

கை வீங்கிய,
உங்கள் மனைவி

ஜூன் 12

என் லைப்ரரி அம்மாவுக்கு,

கைக்கு ஒத்தடம் கொடுத்தாயா? இங்கே குழாய்த் தண்ணீர் ஆகாது; பல் விளக்கக்கூட பாட்டில் தண்ணீர்தான். ஐஸுக்கு மட்டும் பயப்படாதே, ஹோட்டல் ஐஸ் மெஷின் என் பொறுப்பு. சாயங்காலமானால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். கடலில் இறங்கினால் செருப்போடு இறங்கு. பவளப்பாறை கிழித்தால் சீழ் பிடித்துவிடும். உனக்காகக் கொசுவலையில் இருந்த ஓட்டையெல்லாம் தைத்து வைத்திருக்கிறேன். தையல் கோணல்தான், சிரிக்காதே.

உன் ஐஸ்காரன்

ஜூன் 20

ஐஸ்காரருக்கு,

தண்ணீர், கொசு, பவளம் எல்லாம் எழுதிவிட்டீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டியை மூன்று தடவை அடுக்கிப் பிரித்துவிட்டேன். பதினைந்து நாளென்றால் ஒரு பெட்டி போதும். அதற்கு மேல் என்றால் வேலையை விட வேண்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டும். சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது சமாதானம் பேச ஒரு விஷயம் இருந்திருக்கும். நாம் சும்மாவே அல்லவா பிரிந்திருக்கிறோம்?

உங்கள் மனைவி

ஜூன் 29

லைப்ரரி அம்மாவுக்கு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். வருவது விருந்தாளி என்றால் பதினைந்து நாள் அறை. குடும்பம் என்றால் குவார்ட்டர்ஸ். இரண்டு வாரமாக என் மேஜையிலேயே கிடக்கிறது. குடும்பம் என்று நான் எழுதி, நீ பதினாறாம் நாள் படகேறிவிட்டால்? நீயே சொல்லிவிடு. அப்படியே எழுதுகிறேன்.

நான்தான்

ஜூலை 8

அன்புள்ள உங்களுக்கு,

கடைசியில் என் தலையிலேயே கட்டிவிட்டீர்கள். கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடே போய், “பதினஞ்சு நாள்” என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்களோடு விழுங்குவதற்குப் பதினைந்து. திரும்பி வந்து, இந்த வீட்டில் தனியாக விழுங்குவதற்கு இருபத்தெட்டு.

திரும்ப மேலே ஏறினேன்.

“என்னம்மா, எதையாவது விட்டுட்டீங்களா?”

“திரும்பி வர்ற தேதி இல்ல டாக்டர்.”

“அப்போ உக்காருங்க. இது வேற மாதிரி யோசிக்கணும்.”

குடும்பம் என்றே எழுதுங்கள். இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், மனசு மாறுவதற்குள். யாருடைய மனசு என்று கேட்காதீர்கள்.

உங்கள் மனைவி