சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றவனுக்கு

பரணி,

நான் படித்துறைக்குப் போகிறேன். எள்ளும் தர்ப்பையும் என்னிடம் இருக்கின்றன. அப்பா போன பிறகு நீ ஊரில் இருக்கும் முதல் ஆடி அமாவாசை இது. ஒன்பது மணிக்குள் வந்துவிடு. காபி மட்டும் குடி, வேறு எதுவும் சாப்பிடாதே. சாவியைப் பக்கத்து வீட்டுக் காளியம்மாளிடம் கொடு.

நேற்று, "சட்டையைக் கழட்ட மாட்டேன்"னு நீ சொன்னதும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "சிங்கப்பூர் போனதும் அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணவே கூச்சமாயிடுச்சா"ன்னு பெரியப்பா முன்னாலேயே கேட்டுவிட்டேன். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். காரணத்தைச் சொல்லியிருந்தால் என்ன?

இன்று துவைக்க எடுத்த உன் சட்டைப் பையில் தோல் டாக்டர் எழுதிய சீட்டு இருந்தது. முதுகில் பருத் தழும்பு, குழி விழுந்ததற்கு லேசர், தடித்திருப்பதற்கு ஊசி, ஆறு தடவை வர வேண்டும் என்று இருக்கிறது. செய்துகொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதெல்லாம் முடியும்வரை அமாவாசை காத்திருக்காது.

ஐயரிடம் போனில் கேட்டேன். துண்டைப் போர்த்திக்கொண்டு செய்யலாமாம். அப்பாவின் பச்சைத் துண்டு கொடியில் கிடக்கிறது.

அம்மா

பி.கு: வயலில் அப்பா அந்தத் துண்டை முதுகை விட்டு எடுக்காதது வெயிலுக்காக இல்லை. அவர் முதுகும் உன்னுடையதைப் போலத்தான். முப்பது வருஷம் சனிக்கிழமைதோறும் அதில் எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான்.