பீட்ரூட் என்று சொன்னீர்களே

அன்புள்ள பொடிசின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமா என்பதைக் கடைசியில் கேட்கிறேன். போனில் பேசலாம்தான். நான் கத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காது.

பொடிசை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டேன். ஊசி வைத்துச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்தார்களே, அந்த முடிவு வந்துவிட்டது. பரம்பரை நோயாம். ரத்தமும் புரதமும் சிறுநீரில் கசிந்துகொண்டே இருக்குமாம், காதும் மந்தமாகலாமாம். “குடும்பத்துல யாருக்காவது கிட்னி பிரச்சினை இருந்துச்சா?” என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டார். நானும் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

நேற்று பிள்ளையைப் பார்க்க வந்த உங்கள் அக்காதான் அழுதுகொண்டே உண்மையை உடைத்தார். உங்கள் தம்பி விபத்தில் போகவில்லையாம், சிறுநீரகம் கெட்டுத்தான் போனாராம். “சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மறைச்சோம். உன் புருஷனும் வாயத் திறக்காதன்னுட்டான்” என்றார்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். போன வருடம் காய்ச்சலோடு பொடிசுக்குச் சிறுநீர் கறுப்புக் காபி மாதிரி போனபோது பதறிப்போய் உங்களிடம்தானே சொன்னேன்? “பீட்ரூட் தின்னிருப்பா, விடு” என்றீர்கள். அவள் பீட்ரூட்டைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் யாராவது கொடுத்திருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள்.

போன மாதம் ஒருநாள் காலையில் கண் வீங்கி எழுந்தாள், அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முன்பே மாத்திரை தொடங்கியிருந்தால் புரதம் இவ்வளவு ஏறியிருக்காதாம். இன்னும் கைமீறிப் போகவில்லை, மாத்திரையை விடாமல் கொடுத்து, ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே வந்தால் சிறுநீரகத்தைப் பல வருடம் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டரம்மா. உப்பைக் குறைத்ததற்குப் பொடிசு என்னோடு டூ விட்டிருக்கிறாள்.

மருந்து கொடுக்கும்போது அவள்தான் கேட்டாள்: “அப்பாக்கும் காது கேக்காதே, அவருக்கும் ஊசி குத்துவாங்களா?” என்று. பட்டறை இரைச்சலில் காது போய்விட்டது என்று நீங்கள் சொன்னதையும் நம்பினவள்தானே நான். பொடிசுக்கு உங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், உங்களை உடனே பரிசோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா.

இப்போது கேட்கிறேன், நலமாக இருக்கிறீர்களா? எனக்குப் பதில் எழுத வேண்டாம், எழுதினாலும் நம்பமாட்டேன். நீங்கள் வேலை பார்க்கும் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் போங்கள். அவரிடமாவது எதையும் மறைக்காதீர்கள். பொடிசுக்கு அப்பா வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத,
பொடிசின் அம்மா